அழிக்காமல் விட்ட சுவர்

நல்லகாமனுக்குக் காலையில் சோறு இறங்காது. வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை. கோச்சடையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, காளவாசலுக்குச் சற்று முன்னால் இருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் ரோட்டோரச் சுவரைப் பார்த்த பிறகு எவனுக்குத்தான் சோறு இறங்கும்? மலையம்மாள் கொடுத்துவிட்ட தூக்குவாளி மத்தியானம் வரைக்கும் திறக்காமலேயே கிடக்கும். "அப்புடி என்னதேன் எழுதித் தொலைக்கிறாய்ங்க?" என்று அவள் கேட்டால் பதில் சொல்ல மாட்டார். கட்டிய பொண்டாட்டியிடமே சொல்ல வாய் வராத வார்த்தைகள் அவை.

வேலை ஆர்டரில் வாட்ச்மேன் என்றுதான் போட்டிருந்தது. ஆற்றோரம் இருந்த குடும்ப வயல் அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிந்து, பிறகு அதில் வீட்டுமனைக் கல் ஊன்றிவிட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல் மண்வெட்டியை மூலையில் சாத்திவிட்டுக் காக்கிச் சட்டை மாட்டியவர் அவர். எழுபத்தெட்டாம் வருஷம் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கேட்டைத் திறக்கிறது, மணி அடிக்கிறது எல்லாம் அப்புறம். பிள்ளைங்க வர்றதுக்குள்ள அந்தச் சுவர் சுத்தமா இருக்கணும். போன வருஷம் மட்டும் நாலு பிள்ளைங்க படிப்பை நிறுத்திட்டாங்க. நாலும் நல்லாப் படிச்ச பிள்ளைங்க."

அந்தப் பக்கத்து வீடுகளின் நியாயம் அப்படி. பெண்ணின் பெயர் சுவரில் வந்துவிட்டால் அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடம் வரமாட்டாள். எழுதியவனைத் தேடிப் போய் உதைக்கிற அப்பன்மாரும் உண்டு, ஊருக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறவர்களும் உண்டு. உதைத்தாலும் உதைக்காவிட்டாலும் பெண் வீட்டுக்குள்தான். அவளுக்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று எவனும் கேட்கமாட்டான். அதனால் நல்லகாமன் அழிக்கிற ஒவ்வொரு பெயரும் ஒரு பிள்ளையின் படிப்பு. இது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் விடிந்தும் விடியாததுமாக வாளியும் தேங்காய் நாருமாக அந்தச் சுவர் முன்னால் நிற்பார்.

கரியில் எழுதியிருந்தால் சுளுவு. தண்ணீரை அள்ளி அடித்து நாரால் ரெண்டு தேய் தேய்த்தால் போய்விடும். செங்கல் துண்டால் கீறியிருந்தால் கை வலிக்கும். ரோடு போடுகிற இடத்திலிருந்து தாரைத் திருடி வந்து எழுதியிருந்தால் அன்றைக்குத் தொலைந்தது. சுண்ணாம்பு அடித்தாலும் ரெண்டு நாளில் பழுப்பாக மேலே வந்து பல்லைக் காட்டும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கொத்தனார் கரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். இதற்கு நடுவில் அந்தச் சுவரடியில்தான் ஊர் ஆண்பிள்ளைகள் பூராவும் ஒண்ணுக்கு இருந்துவிட்டுப் போவார்கள். காலில் மூத்திரம், கண்ணில் அந்தப் படங்கள், மூக்கில் மண்ணெண்ணெய். தூ என்று துப்பிவிட்டுத் துப்பிவிட்டு அழிப்பார்.

எழுதுகிறவர்கள் எங்கிருந்தோ வந்த காலிகள் இல்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ குப்புற விழுந்து, வாய்க்கால் பாலத்துக் கட்டையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சீமான்கள்தாம். ஒரு நடிகர் பேரில் மன்றம் வைத்திருந்தார்கள். படம் வந்தால் கொடி கட்டுவது, அடுத்த மன்றத்துக்காரன் போஸ்டரில் சாணி அடிப்பது, மற்ற நாளில் போகிற வருகிற பிள்ளைகளைப் பார்த்துச் சீட்டி அடிப்பது. மன்றத்துச் செயலாளர் வெள்ளைத்துரை, லாரி ஷெட் வைத்திருந்த விருமாண்டியின் மகன். எண்ணெய் வழித்துச் சீவிய கிராப்பும் பெரிய காலரும் உள்ளங்கையில் கரியுமாகத் திரிவான்.

படிக்கிறவர்கள் மட்டும் யோக்கியமா? எதிர்த்த டீக்கடைக்குப் பேப்பர் வருவதற்கு முன்னால் சுவர் வந்துவிடும். பேரப்பிள்ளை எடுத்த பெரிய மனிதர்கள்கூட டீயை உறிஞ்சிக்கொண்டே ஓரக்கண்ணால் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "காலம் கெட்டுப் போச்சுப்பா" என்பார்கள். நல்லகாமன் கொஞ்சம் பிந்தி வந்தால் அவர்களுக்குச் சந்தோஷம். முந்தி வந்து அழித்துவிட்டால் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். எழுதினவனைவிட இவர்களைப் பார்த்தால்தான் அவருக்கு அதிகமாகக் குமட்டும்.

ஒரு தடவை கருக்கலில் கரிக்கட்டையும் கையுமாக ஒரு பயல் மாட்டினான். பிடரியில் ரெண்டு போட்டுவிட்டுக் கேட்டார்.

"ஏண்டா எழுதுற? சொல்லித் தொலை. தெரிஞ்சிக்கிறதுக்குத்தேன் கேக்குறேன்."

பயல் கழுத்தைத் தடவிக்கொண்டே, "எம்பேரு எங்கண்ணே வருது? பரீச்சை ரிசல்ட்டுலயே வரல. இங்கன எழுதுனா பஸ்ஸுல போறவன் பூராம் படிக்கிறான்" என்றான்.

அவருக்கு ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது. "அப்பன்னா ஒம்பேரை எழுத வேண்டியதுதானடா? எதுக்கு அந்தப் பிள்ளை பேரு? அதைத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுண்ணே. பேரு நல்லாருந்துச்சு. எம்பேரை எழுதுனா எவன்ணே நின்னு படிப்பான்?"

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தான். வந்த பாவமெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. அவன் பேரைப் படிக்க வைக்க முடியாது என்பதற்காக ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கரியாக்கலாம் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஒருத்தரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். டீக்கடைக்காரர்கள் படிக்கிறார்களே, அது போதும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் லாரி ஷெட்டுக்கே போய்விட்டார். விருமாண்டி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றி நாலைந்து டிரைவர்கள் நின்றிருந்தார்கள்.

"எம்மகனா எழுதுறான்? எங்க எழுதியிருக்கான்? வா, காட்டு."

"இப்ப இல்லண்ணே. காலையிலேயே அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டு வந்து நியாயம் கேக்குறியா? நல்ல ஆளுப்பா நீயி!" விருமாண்டி தொடையைத் தட்டிச் சிரித்தார். டிரைவர்களும் சிரித்தார்கள்.

அந்தக் 'காட்டு' என்ற வார்த்தை நல்லகாமனுக்குள் காலில் ஏறிய கருவேல முள் மாதிரி தங்கிவிட்டது. உண்மைதானே, அவர்களுக்கு எதிரான சாட்சியைத் தன் கையாலேயே தினமும் கழுவி விடுகிறோமே என்று நினைத்தார். அவர் நினைப்பு வயலுக்குப் போனது. அவர் ஊர்ப் பக்கம் பயிரில் மாடு இறங்கி மேய்ந்துவிட்டால், வயல்காரன் மாட்டை விரட்டுவானே தவிர வயலைத் தொடமாட்டான். மிதிபட்ட நாற்றை நிமிர்த்தமாட்டான், குளம்புத் தடத்தை மூடமாட்டான். நாலு பெரிய ஆட்களையும் மாட்டுக்காரனையும் வரப்பில் கொண்டுவந்து நிறுத்திக் காட்டுவான். தன் மாட்டுத் தடத்தைத் தன் கண்ணால் பார்த்தவன் தலையைக் குனிவான், மறுநாளிலிருந்து மாட்டைக் கட்டிப் போடுவான். அழிமானத்தை அப்படியே விட்டு வைத்தால்தான் நியாயம் கிடைக்கும் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த சங்கதி.

ஆனால் எதைக் காட்டுவது? சுவரில் இருந்த கண்றாவியை நாலு பெரிய மனிதர்களை அழைத்து வந்து காட்டவா முடியும்? அவருக்கே கூசியது. காட்டுகிற மாதிரி ஒன்று அமையட்டும் என்று காத்திருந்தார்.

அன்னக்கொடி அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். செங்கல் வண்டி ஓட்டும் முத்திருளனின் மகள். முத்திருளன் நல்லகாமனுக்குப் பங்காளி, அண்ணன் முறை. அதனால் அவள் இவரைச் சித்தப்பா என்பாள். அவர்கள் தெருவில் பத்தாவது வரைக்கும் வந்த முதல் பெண் அவள்தான். வருஷா வருஷம் முத்திருளன் "போதும்" என்பார். வருஷா வருஷம் நல்லகாமன் போய், "வாசல்ல நான் இருக்கேன்லண்ணே, எம்பொறுப்புல விடுங்க" என்று சொல்லிக் கூட்டி வந்தார். பத்தாவது முடித்து டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்பது அவள் எண்ணம். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவும் நிச்சயம் போவாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் சீக்கிரம் வந்துவிடுகிற பிள்ளை. இவர் அழிப்பதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "தாருக்குச் சுண்ணாம்பு நிக்காது சித்தப்பா, கரின்னா தண்ணியே போதும்" என்று வாத்தியார் மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போவாள்.

எண்பத்தொன்றாம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் பளிச்சென்று நின்றது. அந்த வெள்ளையின் நட்ட நடுவில், கரியில், அழகான கொட்டை எழுத்தில் "அன்னக்கொடி" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அம்பு குத்திய ஒரு இதயம். அதன் கீழே "என் உயிர்". அதற்கும் கீழே, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி, "இவண், வெ. துரை, செயலாளர்."

நல்லகாமனுக்கு ரத்தம் கொதித்தது. வாளியில் கையை விட்டுத் தண்ணீரை அள்ளியும் விட்டார். அள்ளிய கை அப்படியே நின்றது. இதில் ஆபாசம் ஒன்றும் இல்லை. பெரிய மனிதர்கள் கூச்சமில்லாமல் படிக்கலாம். அதற்கும் மேல் அந்த மடையன் தன் பேரையும் பதவியையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். மாட்டின் குளம்புத் தடம் இதைவிடச் சுத்தமாக விழுமா? விருமாண்டி காட்டச் சொன்னார் அல்லவா, காட்டிவிடலாம். ஒருமுறை தலைகுனிந்தால் ஆயுசுக்கும் இந்தச் சனியன் ஒழியும் என்று நினைத்தார். அள்ளிய தண்ணீரைக் கீழே விட்டார்.

பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்று ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு சாக்கைக் கொண்டுவந்து, சுவர் மேலே ரெண்டு கல்லை வைத்து எழுத்தின் மேல் தொங்கவிட்டார். பக்கத்திலேயே காவலாக நின்றுகொண்டார். அன்னக்கொடி வழக்கம்போல முதலில் வந்தாள்.

"என்ன சித்தப்பா, சுவத்துக்குக் குளிருதா? சாக்குப் போத்தி விட்டிருக்கீக?"

"போம்மா, போ. மணி அடிக்கப் போறேன்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நல்லகாமன் லாரி ஷெட்டுக்கும் தெருப் பெரியவர்களுக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். தினமும் வெறும் எழுத்தாக இருந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தவர்கள், சாக்குத் தொங்கியதும் டீக் கிளாஸோடு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார்கள். "உள்ள என்னப்பா?" என்று பஸ் ஜன்னலிலிருந்துகூடக் கேட்டார்கள். விருமாண்டி வருவதற்குள் அங்கே ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. பாலத்துக் கட்டையில் இருந்த பயல்களும் வந்து நின்றார்கள். வெள்ளைத்துரை பின்னால் நின்று காலரை இழுத்து விட்டுக்கொண்டான்.

பெரியவர்கள் வந்தார்கள். நல்லகாமன் சாக்கை எடுத்தார். வரப்பில் நின்று வயலைக் காட்டுவது போலவே கையை நீட்டி, "பாருங்கய்யா" என்றார்.

ஒரு பெரியவருக்குக் கண் தெரியவில்லை. "என்ன போட்டிருக்கு, சத்தமாப் படி" என்றார். டீக்கடைக்காரர் செய்தி வாசிக்கிற குரலில் முழுவதையும் படித்தார். ரெண்டாம் தடவையும் படித்தார்.

"யாரு வீட்டுப் பிள்ளைய்யா இந்த அன்னக்கொடி?"

"நம்ம செங்கல் வண்டி முத்திருளன் மக."

"ஓகோ! பத்தாவது படிக்க வைக்கிறாம்ல, அதுவா?"

விருமாண்டி சுவரை மேலும் கீழும் பார்த்தார். தலை குனியவில்லை. "எம்பய கையெழுத்துத்தேன். இல்லேங்கல. மணிமணியா எழுதிருக்கான்" என்றார். கூட்டம் சிரித்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன். சும்மா போற பிள்ளை பேரையா எழுதுவான்? அங்கிட்டும் ஏதாச்சும் இல்லாம இருக்காது."

பெரியவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். அந்தப் பிள்ளை எந்த வழியாக வருகிறது, யாரோடு வருகிறது, ரிப்பன் என்ன கலரில் கட்டுகிறது என்று பேச்சு போனது. மாடு மேய்ந்த வயலில் நின்று, நீ ஏன் மாடு வருகிற பக்கம் முளைத்தாய் என்று பயிரைப் பார்த்து எவனும் கேட்டதில்லை. இங்கே கேட்டார்கள். நரைத்த தலைகள், நெற்றி நிறையத் திருநீறு, அத்தனையும் கேட்டது. மலத்தை மிதித்துவிட்டது போல நல்லகாமனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

சத்தம் கேட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வெளியே வந்தார். சுவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பேசாமல் வாளியைத் தூக்கி அவரே சுவரில் ஊற்றினார். கரி கரைந்து கறுப்பாக ஒழுகியது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க, நல்லகாமன்?"

அன்று சாயங்காலத்துக்கு முன்பே முத்திருளன் செங்கல் வண்டியோடு வந்துவிட்டார். சூளைக்குச் சேதி போக எவ்வளவு நேரம் ஆகும்? அவர் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பிள்ளையக் கூப்புடு."

"அண்ணே, பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லண்ணே. நான் சத்தியம் பண்றேன்."

"எம்பிள்ளைய எனக்குத் தெரியாதாடா? நீ சத்தியம் பண்ணித்தேன் தெரியணுமா?" முத்திருளன் பார்க்காமலேயே சுவர்ப் பக்கம் கையை நீட்டினார். "சுவத்துல கெடந்ததை ஊரு வாயில ஏத்தி விட்டுட்டியே. அதை எந்தத் தண்ணிய ஊத்தி அழிப்ப? அழிக்கத்தானடா ஒன்னைய வேலைக்கு வச்சிருக்காக. ஒரு நா அதைச் செய்யாமப் போயிட்டியே."

அன்னக்கொடி பையோடு ஓடி வந்தாள். வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். "சித்தப்பா, யாருக்கு என்னாச்சு?" என்று வண்டியில் ஏறியபிறகும் கேட்டுக்கொண்டே போனாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வீட்டுக்கே போய், பரீட்சை வரைக்குமாவது விடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். பரீட்சை பங்குனியில் இருந்தது. கல்யாணம் மாசியில் நடந்தது. மாப்பிள்ளை வில்லாபுரத்தில் இருந்த அவள் தாய்மாமன், லோடு ஏற்றுகிறவன், முதல் பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன், அவளைவிட ரெண்டு மடங்கு வயது. பேர் அடிபட்ட பெண்ணுக்கு அவனாவது கிடைத்தானே என்று ஊர் சந்தோஷப்பட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தது. பங்காளி என்ற முறையில் நல்லகாமனும் பந்தியில் உட்கார்ந்தார். இலையில் வைத்ததைத் தொடாமல் எழுந்து வந்தார்.

வெள்ளைத்துரைக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ன ஆகும்? அப்பன் வாயாலேயே கையெழுத்து மணிமணியாக இருக்கிறது என்று பாராட்டு வாங்கியவன். ரெண்டு மூன்று வருஷத்தில் மன்றத்திலிருந்து கட்சிக்குப் போனான், வெள்ளைச் சட்டை போட்டான், நல்ல இடத்தில் பெண் எடுத்தான். தேர்தல் வந்தபோது அதே சுவரில் பெயிண்டில் பட்டை அடித்துச் சின்னம் வரைந்து, கீழே "இவண், வெ. துரை" என்று எழுதினார்கள். அதை அழிக்கச் சொல்லி எவரும் சொல்லவில்லை. டீக்கடையில் அவனுக்கு எழுந்து நின்று இடம் கொடுத்தார்கள். நல்லகாமன் மட்டும் அவன் வந்தால் கேட்டுக்கு உள்ளே போய்விடுவார். அவன் மேல் துப்பலாம்தான். அன்றைக்குத் தண்ணீரைக் கீழே விட்ட கை தன்னுடையதாக இருந்ததால் துப்பவும் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் விட்டுவைக்கவில்லை. காய்ச்சலோடும் வந்து அழித்தார். எவன் எழுதினான், என்ன எழுதினான் என்று படிப்பதையே நிறுத்திவிட்டார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தேய்ப்பார்.

எண்பத்தாறு ஐப்பசியில் ஒரு மத்தியானம். மழை விட்டிருந்தது. எதிர்த்த பஸ் ஸ்டாப்பில் இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக ஒருத்தி நின்றாள். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிய, நாற்பது வயதுக்காரி மாதிரி இருந்தாள். ரோட்டைத் தாண்டி வந்து, "சித்தப்பா" என்றாள்.

அன்னக்கொடிதான் என்று குரலை வைத்துத்தான் தெரிந்தது. அவர் தலையை ஆட்டினார்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு என்னதேன் எழுதிருந்துச்சு? ஊரே படிச்சுச்சாம். எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல. எங்கப்பா செத்துப் போற வரைக்கும் சொல்லல. எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு வந்தா, சுவத்துல பேரு வந்தவதானடின்னு அடிக்கிறாரு. என்ன எழுதிருந்துச்சுன்னு கேட்டா அவருக்கும் தெரியல."

நல்லகாமன் சுவரைப் பார்த்தார். அவளைப் பார்க்க முடியவில்லை.

"ஒம்பேரு. ஒரு இதயம் படம். என் உயிர்னு ஒரு வார்த்தை. கீழ அவன் பேரு. அம்புட்டுத்தேம்மா."

"அம்புட்டுத்தேனா?"

இடுப்பிலிருந்த பிள்ளை அவள் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்தது.

"நான் என்னமோ ரொம்ப அசிங்கமா எழுதிட்டாகன்னு நெனச்சிருந்தேன்" என்றாள். பிறகு, "தாரா, கரியா?" என்று கேட்டாள்.

"கரிதேன்."

"கரின்னா தண்ணியே போதுமே, சித்தப்பா."

வில்லாபுரம் பஸ் வந்தது. பெரிய பிள்ளையை முதலில் ஏற்றிவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள்.